கறுப்புச் சட்டியும் அடுப்புச் சாம்பலும்

மல்டிமீற்றரை, ஊசிகளுக்கிடையே மின்சாரம் ஓடினால் சத்தமிடுகிற பஸர் நிலைக்குத் திருப்பி, அதன் இரண்டு ஊசிகளையும் சட்டியின் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தேன். பீப் என்று நீளமாகக் கத்தியது. ஊசிகளை ஓரத்துக்கு நகர்த்தினேன். சத்தம் இல்லை. மறுபடி நடுவுக்கு வந்தேன். பீப். சத்தம் வந்த இடங்களில் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை உலோகம் மினுங்கியது. அதற்கு எட்டு மாதத்துக்கு முன் சட்டி வீட்டுக்கு வந்த அன்று இதே மீற்றரை வைத்துப் பார்த்தேன். அன்று ஓரிடத்திலும் சத்தம் வரவில்லை.

ஹட்டனில் மின்சாரச் சாமான் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரைஸ் குக்கர், பிளெண்டர், அயன், இப்படி. மனைவி ஆசிரியை, பஸ் பிடித்து வீடு வர இருட்டிவிடும். அதனால் இரவுச் சமையல் பல வருடமாக என் கையில். சாமான் ஒன்றைக் கையில் எடுத்தால் அது எதனால் ஆனது, எப்படி வேலை செய்கிறது, எங்கே பழுதாகும் என்று பார்க்காமல் விட எனக்கு மனம் வராது. சட்டியும் எனக்குச் சாமான்தான். ஹார்ட் அனோடைஸ்ட் என்கிற இந்தக் கறுப்பு அலுமினியச் சட்டியோடு இரண்டு வருடத்துக்கு மேல் பழகியதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். நம் மலைப்பக்கத்துக் குசினிகளுக்குள் இந்தச் சட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. ஆனால் எப்படிக் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறவர் யாரும் இல்லை.

சட்டியைக் கொண்டுவந்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 ஆம் ஆண்டு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் விழுந்து, பத்து வருடம் கழித்து 1974 இல் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றார். 2023 இல் அக்காவைப் பார்க்க வந்தபோது புடவைக்கு நடுவில் சுற்றி இந்தத் தாச்சியையும் எடுத்து வந்தார். 24 சென்ரிமீற்றர் வாய், தட்டையான அடி, இரண்டு பக்கமும் காது வைத்தது. மூடியும் உண்டு.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டி தங்கச்சி, அங்கயிருந்து கரிப்பிடிச்ச சட்டியவா தூக்கிட்டு வந்த?" என்றார்.

"கரி இல்லக்கா, அதோட நெறமே அதான். வெறும் அலுமினியம் மாதிரி புளி அரிக்காது" என்றார் சின்னம்மா.

புளி ஏன் அரிக்காது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவே மீற்றரை எடுத்தேன். முதலில் எங்கள் பழைய அலுமினியச் சட்டியில் ஊசி வைத்தேன், கத்தியது. கறுப்புச் சட்டியில் வைத்தேன், பேசாமல் இருந்தது. உள்ளே இருப்பது அதே அலுமினியம்தான், ஆனால் மேல்தோல் மின்சாரத்தை விடவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அலுமினியத்தைக் காற்றில் வைத்தாலே அதன்மேல் ஒரு ஒட்சைட்டுத் தோல் தானாகப் படியும். அது சில நனோமீற்றர்தான், மீற்றர் ஊசி பட்டாலே கிழிந்துவிடும். ஹார்ட் அனோடைஸ்ட் என்பது அந்தத் தோலை வேண்டுமென்றே தடிப்பாக வளர்ப்பது. சட்டியைச் சல்பூரிக் அமிலத் தொட்டியில் இறக்குகிறார்கள். பற்றரிக்குள் இருக்கிறதே, அதே அமிலம், செறிவு மட்டும் வேறு. சட்டியை மின்சுற்றின் நேர்முனையாக்கிக் கரண்ட் செலுத்தினால் அலுமினியத்தின் மேற்பரப்பே ஒட்சைட்டாக மாறும். தொட்டியைப் பனிக்கட்டி அளவுக்கு, 0 பாகைக்குக் கிட்ட, குளிராக வைத்திருக்க வேண்டும். சூடேறினால் வளர்கிற தோலை அமிலமே கரைத்துவிடும். குளிரில் வளர்ந்த தோல் அடர்த்தியாக, 25 முதல் 50 மைக்ரோன் வரையும் அதற்கு மேலும் வரும். மனிதத் தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். தலைமுடியிலும் மெல்லிய தோல்தான், ஆனாலும் இயற்கைத் தோலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பு.

அந்தத் தோலில் பாதி உலோகத்துக்கு உள்நோக்கியும் பாதி வெளியேயும் வளர்கிறது. மேலே பூசின பெயின்ற் உரிகிற மாதிரி இது உரியாததற்குக் காரணம் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த அலுமினிய ஒட்சைட்டுதான் படிகமாக இருந்தால் நீலக்கல், சிவப்புக்கல். சிவனொளிபாத மலைக்கு நாங்கள் ஏறுவது நல்லதண்ணியிலிருந்து. மலையின் அந்தப் பக்கத்து வழி இரத்தினபுரியில் இறங்கும். அங்கே ஆற்று மண்ணை அரித்து எடுக்கிற நீலக்கல்லும் என் தாச்சியின் தோலும் ஒரே சேர்மம். கல்லின் கடினம் சட்டித் தோலுக்கு வராது, ஏனென்றால் சட்டியில் அது படிகமாக அடுக்கப்படவில்லை. இருந்தாலும் இரும்புக் கரண்டி பட்டால் அதிகம் தேய்வது கரண்டிதான். ஒரு நாள் சட்டியில் நீளமாக வெள்ளிக் கோடுகளைப் பார்த்து, கீறிவிட்டது என்று மனம் கெட்டுப்போனேன். ஈரத் துணியில் சவர்க்காரம் தொட்டு அழுத்தித் துடைத்ததும் கோடுகள் போய்விட்டன. கரண்டியின் உலோகம்தான் சட்டியில் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு சிரட்டை அகப்பைதான். அம்மா எப்போதும் அதைத்தான் பாவிக்கிறார்.

சமைக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் முட்டை ஒட்டிக்கொண்டது, உருளைக்கிழங்கும் அடியோடு பிடித்தது. இதை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: மேலே வேறு பூச்சு இல்லாத ஹார்ட் அனோடைஸ்ட் சட்டி நொன்ஸ்டிக் கிடையாது. வெறும் அலுமினியத்தைவிட, சில்வரைவிட (எவர்சில்வர்) ஒட்டுவது குறைவு, அவ்வளவுதான்.

பழகியதும் வழி தெரிந்தது. வெறும் சட்டியை நடுத்தரத் தீயில் ஒன்றரை, இரண்டு நிமிடம் வைப்பேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது பரவிக் கொதிக்காமல் முத்தாக உருள வேண்டும். அப்போது எண்ணெய். எண்ணெய் மெல்ல நெளிகிற நேரத்தில் கடுகு, வெங்காயம். உருளைக்கிழங்கை வெட்டிக் கழுவினால் துணியில் ஈரம் ஒற்றிவிட்டுத்தான் போடுவேன். போட்டதும் கிளறக் கூடாது. அடிப்பக்கம் பொன்னிறமானால் கிழங்கு தானாக விடும். விடாவிட்டால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். முட்டைக்கு மட்டும் இன்றுவரை தீயை நன்றாகக் குறைத்து, எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடுகிறேன்.

அப்புறம் தீ. பழைய சட்டிக்கு வைத்த தீயை இதற்கு வைத்தால் கருகும். அலுமினியம் சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். அடுப்பின் நடுவில் பட்ட சூடு ஓரம் வரை ஓடிவிடும். ரொட்டி சுடும்போது இது கண்ணுக்கே தெரிகிறது. எங்கள் பழைய தகட்டுக் கல்லில் தேங்காய் ரொட்டி சுட்டால் அடுப்பு வளையம் அப்படியே ரொட்டியில் பதியும், வட்டமாக ஒரு கருகல், நடுவில் மாவு வெளிறி இருக்கும். கறுப்புத் தாச்சியில் அதே மாவை அதே தடிப்பில் தட்டிப் போட்டால் மாவு முழுக்க ஒரே செம்மை. மீற்றருக்கு வெப்பம் அளக்கிற வயர் ஒன்று உண்டு, அதை வைத்தும் பார்த்தேன். தகட்டுக் கல்லில் நடுவுக்கும் ஓரத்துக்கும் நூறு பாகைக்கு மேல் வித்தியாசம் காட்டியது, தாச்சியில் முப்பதுக்குள். தொட்டு அளப்பதால் ஐந்து பத்து முன்பின் இருக்கும். ஆனாலும் வித்தியாசம் பெரிது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது நல்லது என்று சொல்ல மாட்டேன். தேத்தண்ணிக்கு ஒரு லீற்றர் தண்ணீரை இந்தத் தாச்சியில் ஒரு நாளும் பழைய அலுமினியக் கேத்தலில் ஒரு நாளும் கொதிக்க வைத்து நேரம் பார்த்தேன். அரை நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. தண்ணீர் தானே புரண்டு சூட்டைப் பரப்பிக்கொள்ளும், பாத்திரம் அதற்கு உதவத் தேவையில்லை. தடித்த சட்டியின் பலன் கெட்டியான சமையலில்தான் தெரியும். பாற்சோறு, கட்டியான பருப்பு, வதக்கல், ரொட்டி. லீக்ஸை மெல்லிசாக அரிந்து, மஞ்சளும் மாசியும் போட்டு வதக்கும்போது பாருங்கள். மெல்லிய சட்டியில் லீக்ஸ் விழுந்ததுமே சூடு இறங்கி, தண்ணீர் விட்டு, வதங்காமல் அவிந்துபோகும். ஒரே எடைக்கு அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே தடித்த அலுமினியத்தில் ஈரம் அப்போதைக்கப்போது சுண்டி, லீக்ஸின் இனிப்பு உள்ளேயே நிற்கும். நுவரெலியாவிலிருந்து நல்ல லீக்ஸ் வருகிற நாளில் அந்தச் சட்டியை வேறு எதற்கும் விட மாட்டேன்.

சரி, சாம்பலுக்கு வருகிறேன்.

நான் காலையில் கடைக்குப் போன பிறகு பாத்திரம் கழுவுவது அம்மா. லயத்தில் பிறந்து வளர்ந்தவர், ஏழு வயதிலிருந்து பாத்திரம் துலக்குகிறார். தேங்காய்ப் பொச்சை உருட்டி, அடுப்புச் சாம்பலில் தொட்டு, வட்டமாகத் தேய்ப்பார். அவர் துலக்கிய பித்தளைச் செம்பில் முகம் பார்க்கலாம். எங்களிடம் கேஸ் அடுப்பு இருந்தாலும் விறகடுப்பை அணைத்ததே கிடையாது. 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்றும் கிடைக்காமல், கரண்டும் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை இல்லாமல் போனபோது, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சிதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதனால் வீட்டில் சாம்பலுக்குப் பஞ்சம் இல்லை.

கறுப்புச் சட்டியையும் அம்மா அப்படித்தான் துலக்கியிருக்கிறார். தினமும், எட்டு மாதம். கறுப்பு போகப் போக அவருக்குச் சந்தோஷம், கரி ஒருவழியாக விடுகிறது என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருயா, சின்னம்மா சட்டி வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல பளபளன்னு ஆக்கிருவேன்."

எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சட்டியை வாங்கிக் கடைக்கு எடுத்துப் போய்த்தான் மீற்றரை வைத்தேன்.

தவறு எங்கே என்றால், சாம்பல் தேய்ப்பதோடு நிற்பதில்லை. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்றும் சுண்ணாம்பும் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் கடுமையான காரமாகிவிடும், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். அந்தக் காலத்தில் சாம்பல் தண்ணீரில் துணி வெளுத்தது அதனால்தான். அலுமினிய ஒட்சைட்டு மிதமான புளிப்பைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. காரம் அந்தத் தோலைக் கரைக்கும், தோல் போனதும் உள்ளே இருக்கிற உலோகத்தையும் கரைக்கும். கறுப்புச் சட்டியைப் புளி கெடுக்கும் என்று பயந்து, சாம்பல் கெடுக்காது என்று நம்புவது அப்படியே தலைகீழான கணக்கு.

வாஷிங் சோடாவும் இதே வகைதான். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குப் போடுகிற தூளும் காரம்தான், இந்தச் சட்டியை அந்த இயந்திரத்தில் போட வேண்டாம் என்று சொல்வது அதனால். அப்பச் சோடாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதைத் தண்ணீரில் குழைத்து, கறை பிடித்த இடத்தில் பூசி உடனே கழுவிவிட்டால் பெரிய கெடுதல் இல்லை, அது மென்காரம். ஆனால் அடிப்பிடித்த சட்டியில் தண்ணீர் விட்டு அப்பச் சோடா போட்டுக் கொதிக்க விடாதீர்கள். கொதிக்கும்போது அதிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறி, அது வாஷிங் சோடாவாகவே மாறிவிடும்.

கடை மேசையில் சட்டியைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து, சத்தம் வந்த இடத்தையெல்லாம் சோக்குக் கட்டியால் வட்டமிட்டேன். நடுவில் ஒரு கையகலம். ஓரமாக மூன்று விரல் தடங்கள் போல வளைவுகள். அம்மாவின் கை சுற்றுகிற வளைவு அது. சட்டியின் சுவர் முழுக்க இன்னும் சத்தமில்லாமல் நன்றாகவே இருந்தது.

இதைத் திரும்ப அனோடைஸ் பண்ண முடியுமா என்று யோசித்தேன். பற்றரி அமிலமும் கரண்டும் என் கையில் இருப்பவைதான். ஆனால் பனிக்கட்டிக் குளிரில் அமிலத்தை வைத்திருந்து, பழைய தோலை முழுக்க உரித்து, எந்தக் கலவை அலுமினியம் என்று தெரிந்து, அதற்கேற்ப கரண்டை ஏற்ற வேண்டும். சமைக்கிற பாத்திரத்தில், சின்ன வீட்டில், அமில ஆவியோடு செய்கிற வேலை இல்லை. தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

அன்று இரவு அம்மாவிடம் மீற்றரோடு உட்கார்ந்தேன். பித்தளைச் செம்பில் வைத்துக் காட்டினேன், பழைய சட்டியில் காட்டினேன், கறுப்புச் சட்டியின் சுவரிலும் நடுவிலும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்ப இதுக்குத் தோல்தான் உசுரா?" என்று கேட்டார். நான் இவ்வளவு பத்தி எழுதிச் சொன்னதை அவர் ஒரு வரியில் பிடித்துவிட்டார். இப்போது கழுவுகிற இடத்தில் இரண்டு பொச்சு இருக்கிறது. சாம்பல் பொச்சு பித்தளைக்கும் மண்சட்டிக்கும். சவர்க்காரப் பொச்சு கறுப்புக்கு. அடிப்பிடித்தால் சுடுதண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, சிரட்டை விளிம்பால் சுரண்டினால் வந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் அம்மா இப்போது எல்லோருக்கும் சொல்கிறார். சூட்டில் அலுமினியம் விரிகிற அளவுக்கு அதன் தோல் விரியாது, திடீரென்று சூடும் குளிரும் மாறினால் தோலில் மயிரிழை வெடிப்பு விழும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் மார்கழியில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.

இதற்குள் சட்டியின் ஒரு காதும் ஆடத் தொடங்கியிருந்தது. ரிவெட் தளர்ந்துவிட்டது. இதைத் திருத்துவது சுலபம், ஆனால் ஆத்திரப்பட்டு அடித்தால் சட்டி நெளிந்துவிடும். ஒரு பெரிய சுத்தியலைத் தலை மேலே பார்க்கும்படி வைஸில் இறுக்கினேன். அதன்மேல் பழைய செருப்புத் தோல் துண்டு ஒன்றை வைத்து, ரிவெட்டின் உள்தலை அதில் உட்காரும்படி சட்டியைப் பிடித்தேன். வெளித்தலையை உருண்டை மூக்குச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெதுவாக, இருபது முப்பது தட்டு. நடுவில் ஓங்கி அடிக்காமல் விளிம்பைச் சுற்றித் தட்டினால்தான் உலோகம் விரிந்து இறுகும். நான்கு ரிவெட்டும் முடிய அரை மணி நேரம் ஆனது. காது அசையவில்லை. ரிவெட் தலையில் கறுப்பு கொஞ்சம் உதிர்ந்தது, அது தவிர்க்க முடியாதது. ஆணி, நட்டுப் போட்டு இறுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண இரும்பு ஆணி வேண்டாம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகம் தொடுகிற இடத்தில் அலுமினியம் அரித்துவிடும்.

அடுத்தது, இரண்டாவது சட்டி. கண்டிக்குப் போன நாளில் மூன்று கடை ஏறினேன். பெட்டியில் எல்லாவற்றிலும் ஹார்ட் அனோடைஸ்ட் என்றுதான் போட்டிருந்தது. உள்ளே இருந்தவை மூன்று வகை.

பெரும்பாலானவை வெளியே அனோடைஸ்ட், உள்ளே நொன்ஸ்டிக் பூச்சு. இந்தியாவின் ஹாக்கின்ஸ்கூட ஃபியூச்சுரா என்ற ஒரே பெயரில் பூச்சு இல்லாததையும் பூசியதையும் தனித்தனியாக விற்கிறது. ஆகவே பெயரைப் பார்க்காமல் உள்பக்கத்தைப் பாருங்கள். வழுவழுப்பாக, மெழுகு தடவியது போல இருந்தால் அது பூச்சு. பூச்சில்லாத அனோடைஸ்ட் மங்கலாக, சிலேற்றுப் பலகை போல இருக்கும், நகத்தை ஓட்டினால் மெல்லிய உரசல் தெரியும். பூச்சு உள்ளதில் மீற்றர் வித்தை பலிக்காது, அதுவும் மின்சாரத்தை விடாது. பூச்சு கெட்டது என்று நான் சொல்லவில்லை. முட்டைக்கும் தோசைக்கும் அதைப் போல வராது. ஆனால் 260 பாகையைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் சட்டியைப் பெரிய தீயில் மறந்துவிட்டால் சில நிமிடத்திலேயே அந்தச் சூடு வந்துவிடும். விறகடுப்பில் தீ நம் சொல் கேட்காது. மல்லியும் மிளகாயும் வறுக்கிற, விறகு எரிக்கிற வீட்டுக்குப் பூச்சில்லாததே சரி என்பது என் எண்ணம்.

மூன்றாவது வகை வெறும் கறுப்புப் பெயின்ற். கடைக்காரத் தம்பியிடம் கேட்டுக்கொண்டு, அடியின் ஓரத்தைக் காசு விளிம்பால் லேசாக உரசிப் பார்த்தேன், செதிலாக வந்தது. அதை வைத்துவிட்டேன்.

எடையும் முக்கியம். அலுமினியம் ஒரு கன சென்ரிமீற்றர் 2.7 கிராம். 24 சென்ரிமீற்றர் வாயும் 6 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள நேர்ச்சுவர்ச் சட்டிக்கு அடியும் சுவரும் சேர்ந்து ஏறக்குறைய 905 சதுர சென்ரிமீற்றர். தகடு 3 மில்லிமீற்றர் என்றால் 730 கிராம் அளவில் இருக்க வேண்டும், 2 மில்லிமீற்றர் என்றால் 490. கைபிடியும் மூடியும் இதில் சேராது. பெட்டியில் தடிப்பு எழுதாவிட்டாலும் தராசு சொல்லிவிடும். நான் பார்த்த இரண்டு சட்டி கண்ணுக்கு ஒரே மாதிரி, எடையில் கால் கிலோ வித்தியாசம். கனமானதை எடுத்தேன். 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் அடி நெளியும், நெளிந்தால் சட்டி அடுப்பில் தட்டாமாலை சுற்றும்.

சட்டைப்பையில் காந்தம் ஒன்றும் கொண்டுபோனேன். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, அதனால் இண்டக்ஷன் அடுப்பில் சும்மா வைத்தால் சூடேறாது. அடியில் இரும்புத் தட்டுப் பதித்திருந்தால் மட்டும் ஏறும், காந்தம் அங்கே பிடிக்கும். கேஸ் தட்டுப்பாட்டு நேரத்தில் இண்டக்ஷன் வாங்கிய பலர் இது தெரியாமல் அடுப்பு பழுது என்று என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்பில் ஒரு குறையும் இல்லை. கைபிடி விஷயம்: பேக்லைட் கைபிடி விறகுச் சுவாலையில் கருகும். விறகுக்கும் பாவிப்பதென்றால் உலோகக் காது வைத்ததை வாங்கி, பிடிதுணியால் இறக்குங்கள்.

நம் உயரத்துக்கு இன்னொன்று தேவை, பிரஷர் குக்கர். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர். இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது. என் மீற்றர் 96 என்று காட்டியது, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 1,868 மீற்றரில் இருக்கிற நுவரெலியாவில் 94 தான். முந்நூறு மீற்றர் ஏற ஏற ஒரு பாகை குறையும். கொழும்பில் வேகிற கடலை இங்கே வேகாமல் நிற்பது விறகின் குறையும் இல்லை, சமைப்பவர் குறையும் இல்லை. எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் 96 ஐத் தாண்டாது, விறகுதான் வீணாகும். குக்கரில் விசில் எடை வைத்ததும் உள்ளே கிட்டத்தட்ட 118 வரை போகும். ஊறவைத்த கடலை திறந்த சட்டியில் இரண்டு மணி நேரம் எடுத்தது, குக்கரில் அரை மணிக்குள் மசிந்தது. குக்கரையும் ஹார்ட் அனோடைஸ்ட் உடலில் வாங்கினேன், சாம்பல் சட்டம் அதற்கும் பொருந்தும்.

புளிப்பைப் பற்றிச் சொல்லி முடிக்க வேண்டும். பழைய அலுமினியச் சட்டியில் ரசம் வைத்தால் உள்ளே கறுத்திருந்த இடம் பளிச்சென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். போன கறுப்பு ரசத்துக்குள்தான் போயிருக்கிறது. நல்ல தோலுள்ள கறுப்புச் சட்டியில் அது நடக்காது. புளிக்குழம்பு, தக்காளி எல்லாம் வைக்கிறேன். ஆனால் ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன், இரவு முழுக்க விடுவதில்லை. கொரக்காப் புளி போட்ட மீன் கறி மட்டும் அம்மாவின் மண்சட்டியில்தான், அது சுவைக்காக.

அலுமினியத்தால் ஞாபக மறதி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா பயப்பட்டார். சில பத்தாண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தது உண்மை, சமையல் பாத்திரத்தால் அந்த நோய் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 2011 இல் வைத்த எல்லை, உடல் எடை ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். அக்காவிடம் இன்னொன்றும் சொன்னேன். நாம் வாழ்நாள் முழுக்க பறித்த தேயிலைச் செடியே புளிப்பு மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிற செடி. முற்றிய இலையில் அதிகம், கொழுந்தில் குறைவு. தேத்தண்ணியில் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது, அதில் உடம்பில் சேர்வது மிகச் சிறிய பங்கு. அவர் யோசித்துவிட்டு, "அப்ப கொழுந்தத் தொரைமாருக்கு அனுப்பிட்டு, நாமதான் தூளக் குடிச்சோம்" என்றார்.

சின்னம்மாவின் சட்டியை வீசவில்லை. நடுவில் தோல் போனதால் அதில் புளிப்பு எதுவும் வைப்பதில்லை. ரொட்டிக்கும், மல்லி, மிளகாய், கடலை வறுக்கவும் அதுதான், உலர்ந்த சாமானுக்கு அது போன இடம் ஒரு குறையே இல்லை. மூடியின் பேக்லைட் குமிழ் மட்டும் போன மாதம் சூட்டில் வெடித்துவிட்டது. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலை மரத்தின் அடித்தண்டு ஒன்று அம்மாவிடம் இருந்தது. அதில் ஒரு துண்டை அறுத்து, அரத்தால் உருட்டி, 5 மில்லிமீற்றர் துளை போட்டிருக்கிறேன். தேயிலை மரம் நல்ல இறுக்கம், துளைக் கம்பி புகைந்துவிட்டது. இந்த மழைக்கு மரம் காயவில்லை. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இரண்டு வாரத்தில் காய்ந்ததும் பூட்ட வேண்டும்.